சளியில எம்ஆர்எஸ்ஏ எண்டு வந்தால் பிள்ளையைப் பூட்டி வைக்க வேணுமோ?

2024 யூலை 7, பின்நேரம். கோண்டாவில் தாய்:

மகளுக்கு ஆறு வயது. சிஸ்ரிக் பைப்ரோசிஸ் (நுரையீரலில சளி தடிச்சுப் போற பரம்பரை வருத்தம்) எண்டு கொழும்பில வியர்வை ரெஸ்ற், அதுதான் வியர்வையில உப்பு அளக்கிறது, எடுத்துத்தான் கண்டுபிடிச்சது. போன கிழமை தொண்டையில குச்சி போட்டு எடுத்து, கிருமியை வளர்த்துப் பாக்கிற கல்ச்சரில எம்ஆர்எஸ்ஏ எண்டு வந்திருக்கு. "மருந்துக்குக் கேக்காத கிருமி" எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டைக்கே மாமி பிள்ளையைத் தனி அறையில விட்டிட்டா. பள்ளிக்கூடம் வேண்டாமாம், ரியூசன் வேண்டாமாம், நல்லூர்த் திருவிழாவுக்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாதாம். தம்பிக்காரன் கதவடியில நிண்டு அழுகிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் வழமையான அளவுதான். ஆராவது இதால போன ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

2024 யூலை 7, இரவு. இணுவில் அப்பா:

முதல்ல கதவைத் திறவுங்கோ தங்கச்சி. தம்பிக்காரனை உள்ள விடுங்கோ. என்ர மகளுக்கும் சிஸ்ரிக் பைப்ரோசிஸ்தான், அவளுக்கும் எம்ஆர்எஸ்ஏ வந்தது. இப்ப பதினொரு வயது, பள்ளிக்கூடம் போறாள். விளக்கமாய்ப் பிறகு எழுதுறன். இண்டைக்கு ரெண்டு விசயம் காணும். ஒரு ரிப்போட்டில வந்தது வேற, விடாமல் நெடுக இருக்கிறது வேற. மற்றது, காய்ச்சலும் கூடின இருமலும் இல்லாத பிள்ளைக்கு, டொக்டரைக் கேக்காமல் ஒரு குளிசையும் வாங்கிக் குடுக்காதேங்கோ.

2024 யூலை 9. இணுவில் அப்பா:

நேரம் கிடைச்சிருக்கு, அடியில இருந்து எழுதுறன்.

ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ், சுருக்கமாய் ஸ்ரப், எண்டது எல்லா ஊரிலயும் இருக்கிற கிருமி. பத்துப் பேரின்ர மூக்கைப் பாத்தால் மூண்டு பேரளவில அது சும்மா குடியிருக்கும், அவைக்கு ஒரு வருத்தமும் இராது. உங்கட மாமியின்ர மூக்கிலயும் இருக்கலாம், என்ர மூக்கிலயும் இருக்கலாம். அதில மெதிசிலினுக்கு அடங்காத வகைதான் எம்ஆர்எஸ்ஏ. மெதிசிலின் எண்ட மருந்து 1959 இல பாவனைக்கு வந்தது. 1961 இலேயே இங்கிலாந்தில அதுக்கு அடங்காத ஸ்ரப்பைக் கண்டு எழுதிப்போட்டினம். மெதிசிலினை இப்ப ஆரும் பாவிக்கிறேல்லை, பேர் மட்டும் நிண்டிட்டுது.

பென்சிலின் குடும்பத்து மருந்துகள், கிருமி தன்ர மேற்சுவரைக் கட்டப் பாவிக்கிற புரதத்தில போய் ஒட்டித்தான் அதைச் சாக்காட்டும். எம்ஆர்எஸ்ஏயிட்டை மெக்ஏ எண்டொரு மரபணு இருக்கு. அது மருந்து ஒட்டேலாத இன்னொரு புரதத்தைச் செய்து குடுக்கும். அதாலதான் குளொக்சசிலின், அமொக்சிசிலின், ஓக்மென்ரின், செபலெக்சின் எல்லாம் ஒரேயடியாய்ப் பிரயோசனம் இல்லாமல் போகுது. வேற வழியால வேலை செய்யிற மருந்துகளுக்கு அது அடங்கும். வன்கோமைசின், லினசோலிட் இருக்கு. கன இடங்களில கோ-ட்ரைமொக்சசோலும் கேக்கும். உங்கட ரிப்போட்டில மருந்துப் பேருக்குப் பக்கத்தில எஸ் எண்டும் ஆர் எண்டும் போட்டிருக்கும். எஸ் எண்டால் கேக்கும், ஆர் எண்டால் கேக்காது. மாமிக்கு அந்த எஸ் வரிசையைக் காட்டுங்கோ.

இனி, எங்கட பிள்ளையளுக்கு ஏன் இது கரைச்சல்? சிஎஃப்டிஆர் எண்ட மரபணுதான் உடம்புக் கலங்களில, உப்பில உள்ள குளோரைட் போய்வாற வாசலைச் செய்யிறது. அது பழுதாய்ப் போனால் நுரையீரல் குழாய்க்குள்ள இருக்கிற சளி தண்ணித்தன்மை இல்லாமல், ஆறின கஞ்சி மாதிரித் தடிச்சுப் போகும். மற்றப் பிள்ளையளுக்கு அந்தச் சளி தானாய் மேல ஏறி வெளியால வரும், கிருமியும் அதோட வந்திடும். எங்கட பிள்ளையளுக்கு அது அசையாது. வந்த கிருமி அங்கேயே இருந்து பெருகும். சின்ன வயதில முதல் வாறது பெரும்பாலும் ஸ்ரப்தான், சூடோமோனாஸ் எண்ட மற்றக் கிருமி அனேகமாய்ப் பிறகுதான். அதால ஸ்ரப் வந்தது பெரிய அதிசயம் இல்லை, அதின்ர எந்த வகை எண்டதுதான் உங்கட கேள்வி.

இந்த மரபணுவை 1989 இல ரொறன்ரோவிலயும் மிச்சிகனிலயும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து கண்டுபிடிச்சவை. ஒன்ராறியோவில 2008 இல இருந்து பிறந்த பிள்ளையளின்ர குதிக்காலில ஒரு துளி ரத்தம் எடுத்து இதையும் பாக்கினம். எங்கட ஆக்களின்ர பிள்ளையள் அங்க பிறந்து கிழமைக் கணக்கில பிடிபடுகினம். இஞ்ச "இழுப்பு", "நெஞ்சுச்சளி", "சாப்பாடு ஒட்டுதில்லை" எண்டு வருசக்கணக்காய்த் திரிஞ்சுதான் பிடிபடுறது. என்ர மகளும் அப்பிடித்தான். அவளை நெத்தியில கொஞ்சினால் உப்புக் கரிக்குது எண்டு அம்மம்மா முதலே சொன்னவ. ஒருத்தரும் அதைக் காதில விழுத்தேல்லை.

2024 யூலை 10. கோண்டாவில் தாய்:

ரிப்போட்டைப் பாத்தன் அண்ணை. வன்கோமைசின், லினசோலிட், கோ-ட்ரைமொக்சசோல் மூண்டுக்கும் எஸ் போட்டிருக்கு. மாமிக்குக் காட்டினன். கதவு திறந்தாச்சு. பள்ளிக்கூடம் பற்றி இன்னும் இழுபறி.

2024 யூலை 14. இணுவில் அப்பா:

"ஒருக்கா வந்தது வேற, விடாமல் இருக்கிறது வேற" எண்டு எழுதினதுக்கு ஆதாரம் என்ன எண்டு தனிமடலில ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில சிஸ்ரிக் பைப்ரோசிஸ் உள்ள ஆக்களின்ர பெரிய பதிவேடு ஒண்டு இருக்கு. அதை வைச்சு 2008 இல ஒரு ஆய்வு வந்தது. எட்டு வயதில இருந்து இருபத்தொரு வயது வரைக்குமான ஆக்களில, எம்ஆர்எஸ்ஏ விடாமல் இருந்தவையின்ர ஒரு செக்கனில ஊதிற மூச்சளவு, இருக்க வேண்டிய அளவின்ர சதவீதமாய், வருசத்துக்கு 2.06 புள்ளிப்படி குறைஞ்சது, இல்லாதவையின்ர 1.44 படி. நிரந்தரமாய் இருந்தவைக்கு 43 சதவீதம் கெதியாய் இறங்கியிருக்கு. 2010 இல இன்னொண்டு வந்தது. எம்ஆர்எஸ்ஏ கண்டுபிடிக்கப்பட்ட ஆக்களுக்கு இறப்பு ஆபத்து மற்றவையை விட 1.27 மடங்கு எண்டு அதில கணக்கிட்டிருந்தினம்.

வாசிக்க நெஞ்சு திக்கெண்டும். எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. ஆனால் 2008 ஆய்வு விடாமல் இருந்தவையைப் பற்றினது. ஒரு ரிப்போட்டில வந்து அடுத்ததில காணாமல் போன பிள்ளையை அந்தக் கணக்குக்குள்ள வைச்சுப் பயப்பிடக்கூடாது. அதே நேரம் "காய்ச்சல் இல்லைத்தானே" எண்டு ரிப்போட்டை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டவும் கூடாது. திருப்பி எடுக்க வேணும். திருப்பி எடுக்காமல் அது போனதோ நிண்டதோ எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.

2024 யூலை 15. ஸ்காபரோ வாசகி:

அந்த 1.27 ஐப் போட்டிருக்கத் தேவையில்லை. தாய்மாருக்கு நித்திரை வராது.

2024 யூலை 15, இரவு. இணுவில் அப்பா:

அக்கா, நானும் அதைப் போடுறதோ விடுறதோ எண்டு கனக்க யோசிச்சனான். ஒளிச்சு வைச்சால் பிறகு எங்கயாவது இணையத்தில அரைகுறையாய் வாசிச்சு இதை விடப் பயப்பிடுவினம். ஆனால் ஒரு விளக்கம் சேர்க்க வேண்டியிருக்கு. கடுமையாய் வருத்தம் உள்ள பிள்ளையள்தான் ஆஸ்பத்திரியில அடிக்கடி படுக்கிறது, அவைதான் கன அன்ரிபயோட்டிக் எடுக்கிறது, அதால எம்ஆர்எஸ்ஏயும் அவைக்குத்தான் கூட வாறது. அப்ப நுரையீரலைப் பழுதாக்கினது கிருமியோ, முதலே பழுதாய் இருந்த நுரையீரலுக்குள்ள கிருமி வந்ததோ எண்டு பிரிச்சுப் பாக்கிறது லேசில்லை. ஆய்வு செய்தவை வேற காரணங்களையும் கணக்கில எடுத்துத்தான் அந்த எண்ணைச் சொன்னவை, எண்டாலும் அது ஆயிரக்கணக்கான ஆக்களின்ர சராசரி. உங்கட பிள்ளை என்ன ஆகுவாள் எண்டு அது சொல்லாது. அவளின்ர நிறை, அவளின்ர மூச்சு, அவளின்ர அடுத்த கல்ச்சர், இவைதான் சொல்லும்.

2024 யூலை 21. ஆய்வுகூடத் தம்பி:

நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன். ஒண்டு சொல்லவேணும். கல்ச்சருக்கு அனுப்பிற கடதாசியில "இருமல்" எண்டு மட்டும் எழுதி வந்தால் நாங்கள் சாதாரண முறையில போட்டிட்டு விட்டிடுவம். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் எண்டு எழுதியிருந்தால்தான் கிருமி வளர்க்கிற வேற தட்டுகளும் போடுவம். இவையின்ர சளியில சூடோமோனாஸ் பெருகி நிண்டால் ஸ்ரப் அதுக்குள்ள மறைஞ்சு போகும். ஸ்ரப்பைப் பிரிச்செடுக்க உப்புக் கூடின மனிற்றோல் தட்டு போட வேணும். சில ஸ்ரப் மிகச் சின்னப் புள்ளியாய், ஆறுதலாய் வளரும், அவசரப்பட்டால் தவறும். மாதிரி எடுத்த உடன கொண்டுவரவும் வேணும். வெய்யிலுக்க மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு சந்தைக்குப் போட்டு வந்தால் அது சரிவராது.

2024 யூலை 21, இரவு. இணுவில் அப்பா:

தம்பி எழுதினதை எல்லாரும் ரெண்டு தரம் வாசியுங்கோ. அந்தக் கடதாசியில சிஸ்ரிக் பைப்ரோசிஸ் எண்டு எழுதியிருக்கோ எண்டு நான் இப்ப மாதிரி குடுக்கிறதுக்கு முதல் ஒவ்வொரு முறையும் பாக்கிறன், இல்லாட்டி நேர்ஸ் மிஸ்ஸிட்டைக் கேட்டு எழுதுவிக்கிறன். பழைய ரிப்போட் எல்லாம் ஒரு பைலில, திகதி வரிசையில வைச்சிருக்கிறன். புது டொக்டர் வாற நேரம் அதுதான் கதைக்கும். சின்னப் பிள்ளையளுக்குச் சளி துப்பத் தெரியாது, அதாலதான் தொண்டையில எடுக்கிறது. தொண்டையில இருக்கிறது எல்லாம் நுரையீரலில இருக்கெண்டு இல்லை, தொண்டையில இல்லையெண்டதால நுரையீரலில இல்லையெண்டும் இல்லை. அதுவும் திருப்பி எடுக்கிறதுக்கு ஒரு காரணம்.

2024 யூலை 28. இணுவில் அப்பா:

பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாரும் கேக்கினம். எம்ஆர்எஸ்ஏ சுகதேகியான பிள்ளையளின்ர நுரையீரலுக்குள்ள லேசில போய் இருக்காது. கையால, பொதுவில பாவிக்கிற சாமானால, மூடாத புண்ணால பரவிறதுதான் கூட. பிள்ளை இருமேக்க முழங்கை மடிப்புக்குள்ள இருமப் பழக்கி, கை கழுவப் பழக்கினால், பள்ளிக்கூடத்தால மறிக்கத் தேவையில்லை. வகுப்பு ரீச்சருக்குச் சொன்னனான். வருத்தத்தின்ர பேரைச் சொன்னன், கிருமியின்ர பேரை வகுப்பில எல்லாருக்கும் சொல்ல வேண்டாம் எண்டும் கேட்டன். என்ர மகளின்ர தண்ணிப் போத்தில தனி. கன்ரீனில பிள்ளையள் ஒரே போத்திலை மாத்தி மாத்திக் குடிக்கிறது எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் நடக்கிறது, அதை மட்டும் கண்டிப்பாய் வேண்டாம் எண்டிட்டன்.

நான் பயப்பிடுற இடம் வகுப்பறை இல்லை. கிளினிக்கின்ர காத்திருக்கிற வாங்குதான்.

ஒருமுறை ஒரு தனியார் கிளினிக்கில இருந்தம். இழுப்போட வந்த பிள்ளையள் வரிசையாய் இருந்தினம். மருந்தைப் புகையாக்கிற நெபுலைசர் ஒண்டு. மாஸ்க்கும் ஒண்டு. ஒரு பிள்ளை முடிச்ச உடன, அங்க நிண்ட பெட்டை அந்த மாஸ்க்கின்ர உள்பக்கத்தைத் தன்ர சட்டைக்கரையால துடைச்சுப்போட்டு அடுத்த பிள்ளையின்ர மூஞ்சையில வைச்சா. நான் எழும்பி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியால வந்திட்டன். மனிசி "மருந்து எடுக்காமல் போறமே" எண்டு கேட்டா. வீட்டை போய் எங்கட மாஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தம். அண்டையில இருந்து எங்க போனாலும் மாஸ்க்கும் வாய்த்துண்டும் எங்கட பையுக்க. டொக்டர்மாரின்ர ஸ்ரெதஸ்கோப்பும் நெஞ்சில இருந்து நெஞ்சுக்குப் போறது. "ஒருக்காத் துடைச்சிட்டு வையுங்கோ சேர்" எண்டு கேக்க எனக்கு முதல் கூச்சமாய் இருந்தது. இப்ப கேக்கிறன். ஒருத்தரும் கோவிச்சதில்லை, ரெண்டொருத்தர் நன்றியும் சொன்னவை.

2013 இல வந்த அமெரிக்க வழிகாட்டி, சிஸ்ரிக் பைப்ரோசிஸ் உள்ள ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் கிட்ட வராமல் ஆறடி, கிட்டத்தட்ட ரெண்டு மீற்றர் தள்ளி இருக்கச் சொல்லுது. கிருமி வந்த பிள்ளை, வராத பிள்ளை எண்ட பேதம் இல்லை, எல்லாருக்கும். அதால ஒரு கவலை எனக்கு. இந்த இழையில இருக்கிற நாங்கள் எல்லாரும் ஒருநாள் பிள்ளையளோட ஒரு இடத்தில சந்திப்பம் எண்டு ஒருத்தர் எனக்கு ஆசையாய் எழுதினவர். பெரியாக்கள் சந்திப்பம். பிள்ளையள் வீடியோக் கோலில கதைக்கட்டும்.

2024 ஓகஸ்ட் 3. கோண்டாவில் தாய்:

திங்கக்கிழமை தொடக்கம் பள்ளிக்கூடம் போறாள். வீட்டில என்ன செய்யவேணும் எண்டு எழுதுங்கோ. மாமி இப்ப டெற்றோலை வாளிக்கணக்கில ஊத்திறா.

2024 ஓகஸ்ட் 4. இணுவில் அப்பா:

டெற்றோலைக் குறைக்கச் சொல்லுங்கோ, அந்த நெடி பிள்ளையின்ர நெஞ்சுக்கும் கூடாது. சவர்க்காரமும் கையும் காணும். மருந்து குடுக்கிறதுக்கு முதல், சளியைக் கழட்டிற பிசியோ முடிய, சளி துப்பின பிறகு, வெளியால இருந்து வந்த உடன. சவர்க்காரம் நுரைக்க நுரைக்க இருபது செக்கன். கிணத்தடி தூரமெண்டால் அற்ககோல் ஜெல்லும் எம்ஆர்எஸ்ஏயைக் கொல்லும். துவாய் ஆளுக்கொண்டு. நகவெட்டி, சீப்பு, உள்ளுடுப்பு ஒண்டையும் ஒருத்தரின்ரதை மற்றவர் பாவிக்கக்கூடாது. உடுப்பு தோச்சு நல்ல வெய்யிலில கொடியில காயப்போடுங்கோ, யாழ்ப்பாணத்தில வெய்யிலுக்குக் குறைவில்லை.

தம்பிக்காரனின்ர தோலையும் பாருங்கோ. கறுத்தக்கொழும்பான் காலத்தில பிள்ளையளுக்குக் கட்டி வந்தால் "மாம்பழச் சூடு" எண்டு விட்டிடுவம், மஞ்சளை அரைச்சுப் பூசுவம். அந்தக் கட்டிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் இதே ஸ்ரப்தான். கட்டியைப் பிதுக்கிற கை, அக்காவுக்கு மருந்து குடுக்கிற கையாய் இருக்கக்கூடாது. மூடிக் கட்டுங்கோ, கட்டின துணியைப் பையில முடிஞ்சு எறியுங்கோ, திரும்பத் திரும்ப வந்தால் அவனையும் காட்டுங்கோ.

நெபுலைசர் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுறன், இதில கனபேர் பஞ்சிப்படுறவை. எங்கட குசினியில அதுக்கெண்டு ஒரு சட்டி, வேற ஒண்டும் அதில காய்ச்சிறேல்லை. மருந்து விடுற கோப்பையை மூண்டு துண்டாய்க் கழட்டி, வாய்த்துண்டையும் சேர்த்து சவர்க்காரத் தண்ணியில கழுவிறது. பிறகு கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிசம். றபர் குழாயை அவிக்கிறேல்லை. எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல்லுக் கிணறு, அவிக்க அவிக்கச் சட்டியில வெள்ளையாய்ப் படியும். அதே வெள்ளை கோப்பைக்குள்ள இருக்கிற ஊசித்துளையிலயும் படிஞ்சு, புகை மெலிஞ்சு, பத்து நிமிச மருந்து அரை மணித்தியாலம் இழுத்தது. மெசின் பழுது எண்டு நினைச்சுக் கடைக்குக் கொண்டு போக வெளிக்கிட்டனான். மனிசிதான் கோப்பையை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சவ. இப்ப பில்ரர் தண்ணியிலதான் அவிக்கிறம். அவிச்ச பிறகு துவாயால துடைக்கிறேல்லை, சுத்தமான துணியில கவிட்டுக் காத்தில காயவிட்டு, மூடின டப்பாக்குள்ள வைக்கிறம். சில பிளாஸ்ரிக் அவிக்கேலாது, அதால மெசினோட வந்த கடதாசியை ஒருக்கா வாசியுங்கோ.

2024 ஓகஸ்ட் 11. ஸ்காபரோ வாசகி:

இஞ்ச கனடாவில எம்ஆர்எஸ்ஏ வந்த பிள்ளைக்கு அதை அழிக்கவெண்டு ஒரு முழுச் சுற்று மருந்து குடுத்தவை. என்ர பெறாமகளுக்குக் குடுத்தது. அங்க குடுக்கினமோ?

2024 ஓகஸ்ட் 12. இணுவில் அப்பா:

என்ர மகளுக்குக் குடுத்தவை. எல்லாருக்கும் குடுக்கிறேல்லை, டொக்டருக்கு டொக்டர் அபிப்பிராயம் வித்தியாசம். அதுக்குக் காரணமும் இருக்கு.

2017 இல வெளிவந்த ஒரு சின்னப் பரிசோதனை. புதிசாய் எம்ஆர்எஸ்ஏ வந்த 45 பேர், நாலு வயதுக்கு மேற்பட்டவை. ஒரு பகுதிக்கு ரெண்டு கிழமை கோ-ட்ரைமொக்சசோலும் ரிபாம்பிசினும் வாயால, மூக்குக்குள்ள முப்பிரோசின் களிம்பு, வாய் கொப்புளிக்கவும் உடம்பு துடைக்கவும் குளோரெக்சிடின், அதோட வீட்டுச் சாமான்களைத் துப்புரவாக்கிறது. மற்றப் பகுதியை மருந்தில்லாமல் கவனிச்சவை. 28ஆம் நாள் மருந்து எடுத்தவையில 82 சதவீதம் பேருக்குக் கிருமி இல்லை, எடுக்காதவையில 26 சதவீதம். 84ஆம் நாள் வரைக்கும் தொடர்ந்து இல்லாமல் இருந்தவை 54 சதவீதமும் 10 சதவீதமும்.

இதில ரெண்டு பக்கத்தையும் பாருங்கோ. மருந்து நல்லாய் வேலை செய்திருக்கு. மருந்தில்லாமலே கால்வாசிப் பேருக்குக் கிருமி போயுமிருக்கு. போனது திரும்பியும் வந்திருக்கு. அதால "உடன அடிச்சுக் கலையுங்கோ" எண்டு சொல்லுற டொக்டரும் பிழையில்லை, "இன்னொரு கல்ச்சர் பாப்பம்" எண்டு சொல்லுற டொக்டரும் பிழையில்லை. எனக்கு முதலாவது பக்கம்தான் மனம் சாயுது. புதிசாய் வந்த நேரம்தான் அதைக் கலைக்கச் சந்தர்ப்பம் கூட, பழசாய் வேரோடிவிட்டால் கஷ்டம்.

ரிபாம்பிசின் எடுத்த காலம் மகளுக்கு மூத்திரம் செம்மஞ்சளாய்ப் போனது. டொக்டர் முதலே சொன்னபடியால் நாங்கள் பயப்பிடேல்லை. அவள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, "அப்பா, நான் அழுதால் கண்ணீரும் இந்தக் கலரோ?" எண்டு கேட்டாள். ஓம், ஆகலாம். அழுது பாக்கவெண்டு கன நேரம் மினக்கெட்டாள், சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு.

ரிபாம்பிசினைத் தனியக் குடுக்கக்கூடாது, கிருமி கெதியாய் அதையும் வெல்லப் பழகிப்போடும். அது எங்கட நாட்டில காசநோய்க்கும் முக்கியமான மருந்து. வேற மருந்துகளோடயும் கடுமையாய்க் குழப்பும். சிஎஃப்டிஆர் பழுதைச் சரிக்கட்டிற புது மாடுலேற்றர் மருந்து எடுக்கிற வெளிநாட்டுப் பிள்ளையள் இருந்தால் அவையின்ர டொக்டரிட்டைக் கட்டாயம் கேக்க வேணும், ரிபாம்பிசின் அந்த மருந்தை உடம்பில நிக்க விடாது. சல்பா ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கோ-ட்ரைமொக்சசோல் ஆபத்து. ஆகவே பேரை நான் எழுதிப்போட்டன் எண்டு ஒருத்தரும் பாமசிக்குப் போகாதேங்கோ.

2024 ஓகஸ்ட் 13. இணுவில் அப்பா:

நேற்றையான் கடைசி வசனத்தில இன்னும் மனம் நிக்குது.

எங்கட ஊரில பாமசியில "நெஞ்சுச்சளி, அண்டைக்குத் தந்த குளிசை" எண்டால் அரைக் கார்ட் வெட்டித் தருவினம். டொக்டரின்ர துண்டு கேக்கிற கடையும் இருக்கு, கேக்காத கடையும் இருக்கு. ரெண்டு நாள் போட்டு, இருமல் குறைஞ்ச உடன மிச்சத்தை அலுமாரிக்குள்ள வைச்சு, அடுத்த முறை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்கிறது. ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை. பஸ்சுக்குக் காசில்லாத, லீவெடுக்கேலாத தாய்மார் வேற என்ன செய்யிறது? ஆனால் அப்பிடி அரைகுறையாய்ப் போட்ட மருந்து, அடங்கிற கிருமியை மட்டும் சாக்காட்டிப்போட்டு அடங்காததுக்கு இடம் விட்டுக் குடுக்குது. எங்கட பிள்ளையளுக்கு வருசம் முழுக்க அன்ரிபயோட்டிக் தேவைப்படும். மற்றப் பிள்ளையளுக்கு ஒரு மருந்து கேக்காட்டி இன்னொண்டு இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு அந்த வரிசை கட்டையானது. இந்த ஊரில ஒவ்வொருத்தரும் தேவையில்லாமல் போடுற குளிசை என்ர மகளின்ர கணக்கில இருந்துதான் கழியுது. இதை நான் கோவத்தோட எழுதுறன், கோவம் சனத்தில இல்லை.

2024 ஓகஸ்ட் 18. கோண்டாவில் தாய்:

நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ? மகள் நச்சரிக்கிறாள்.

2024 ஓகஸ்ட் 18, இரவு. இணுவில் அப்பா:

போங்கோ. திறந்த வெளி. சனம் நெருக்குப்படுற தேருக்கும் தீர்த்தத்துக்கும் வேண்டாம், சாதாரண நாளில பின்நேரம் போங்கோ. திருவிழாவில எனக்கு எம்ஆர்எஸ்ஏயை விட வெய்யிலும் தடிமனும்தான் பயம். எங்கட பிள்ளையளின்ர வியர்வையோட உப்பு அளவுக்கு மிஞ்சிப் போகும். சோர்வு, சத்தி, தலையிடி எண்டால் உப்புக் குறைஞ்சிருக்கலாம். தண்ணிப்பந்தலில குடுக்கிற சர்க்கரைத் தண்ணி அதுக்குக் காணாது. வீட்டில இருந்து உப்புப் போட்ட மோர் கொண்டு போங்கோ. டம்ளர் உங்கட டம்ளர். ஐஸ்கிறீம் வாங்கிக் குடுங்கோ, சாப்பாடு செமிக்கக் குடுக்கிற என்சைம் குளிசையை மறந்திடாதேங்கோ.

2024 செப்ரெம்பர் 8. இணுவில் அப்பா:

லண்டனில இருக்கிற தங்கச்சி ஒரு விசயம் சொன்னா, இஞ்ச எழுதவேணும் போல இருந்தது. அங்க சிஸ்ரிக் பைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கு மூண்டு வயது வரைக்கும் தினமும் புளுக்குளொக்சசிலின் குடுக்கினம், சாதாரண ஸ்ரப் வராமல். 2017 இல வந்த அந்த நாட்டு வழிகாட்டி, விரும்பினால் ஆறு வயது வரைக்கும் நீட்டலாம் எண்டும் சொல்லுது. அமெரிக்காவில அப்பிடிக் குடுக்கிறேல்லை. அங்க செபலெக்சினை வைச்சுப் பாத்ததில ஸ்ரப் குறைஞ்சது, சூடோமோனாஸ் கூடினது. ஒரே வருத்தம், ரெண்டு பெரிய நாடு, ரெண்டு முடிவு. லண்டன் சொந்தக்காரர் சொன்னது எண்டு இஞ்ச டொக்டரோட வாதாடுற ஆக்கள் இதைக் கவனியுங்கோ. அதோட அந்த மருந்து எம்ஆர்எஸ்ஏயை மறிக்காது.

2024 ஒக்ரோபர் 13. கோண்டாவில் தாய்:

திரும்ப எடுத்த கல்ச்சரிலயும் இருக்கு அண்ணை. நிறை அரைக் கிலோ கூடியிருக்கு. இருமலும் கூடேல்லை. டொக்டர் இப்ப மருந்துச் சுற்று தொடங்குவம் எண்டிட்டார். இதுதான் அந்த "விடாமல் இருக்கிறது" எண்டதோ?

2024 ஒக்ரோபர் 13, இரவு. இணுவில் அப்பா:

இன்னும் இல்லை. 2008 ஆய்வில மூண்டு தரமாவது வந்தவையைத்தான் அந்தப் பக்கம் சேர்த்தவை. உங்களுக்கு ரெண்டு. நிறை கூடினது நல்ல சேதி, அதைச் சின்னதாய் நினைக்காதேங்கோ. சாப்பாடு ஒட்டிற பிள்ளைக்குத்தான் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும். மருந்துச் சுற்றை ஒரு நேரமும் தவறாமல் முடியுங்கோ, அந்த நாட்களில தலகணி உறை, துவாய், பல்தீட்டிற பிறஷ் எல்லாத்தையும் மாத்துங்கோ. முடிஞ்ச பிறகு எப்ப அடுத்த கல்ச்சர் எண்டு திகதியை இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ. திரும்ப வந்தாலும் வழி அடைபடேல்லை. எம்ஆர்எஸ்ஏயோட வருசக்கணக்காய்ப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எண்டு போற ஆக்கள் எத்தினையோ பேர் இருக்கினம். அவைக்குப் பிசியோவும் நெபுலைசரும் கூடக் கவனமாய்ச் செய்ய வேணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பிக்காரனுக்கு வியர்வை ரெஸ்ற் எடுத்தாச்சோ? தாய் தகப்பன் ரெண்டு பேரிலயும் இந்த மரபணுவின்ர பழுதான பிரதி ஒண்டு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வாய்ப்பு. எங்களைப் போல மச்சான் மச்சாள் முடிச்ச குடும்பம் எண்டால் சித்தப்பா, மாமா பிள்ளையளையும் பாருங்கோ. இதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

2024 நவம்பர் 10. இணுவில் அப்பா:

மழை தொடங்கிட்டுது. எம்ஆர்எஸ்ஏயையே பாத்துக்கொண்டு இருந்து இன்னொண்டை விட்டிடக்கூடாது எண்டதால எழுதுறன். எங்கட நாட்டு மண்ணிலயும் வெள்ளத்திலயும் மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தைத் தாற கிருமி இருக்கு. சிஸ்ரிக் பைப்ரோசிஸ் உள்ளவையின்ர நுரையீரலில அது போய்க் குடியிருக்கும். மேல்நாட்டு டொக்டர்மாரின்ர வழிகாட்டியில இதுக்கு ஒரு மூலையிலதான் இடம், எங்களுக்கு இது வாசலுக்கு முன்னால. வயலுக்கு, தோட்டத்துக்கு, வெள்ளம் நிக்கிற ஒழுங்கைக்குப் பிள்ளையை வெறுங்காலோட விடாதேங்கோ. கிண்டின மண்ணில விளையாட விடாதேங்கோ. காய்ச்சல் மூண்டு நாளுக்கு மேல நிண்டால், இருமல் கூடினால், வழமையான மருந்துக்கு அடங்காட்டி, போன கல்ச்சரில எம்ஆர்எஸ்ஏ இருந்தது எண்ட பைலைக் காட்டிறதோட நிக்காமல், "மழையில கால் வைச்ச பிள்ளை, மெலியோய்டோசிஸையும் பாருங்கோ" எண்டு வாய்திறந்து சொல்லுங்கோ. சில ஆய்வுகூடங்களில அது சாதாரண சூடோமோனாஸ் எண்டு பேர் மாறிப் போகலாம்.

தடிமன் ஊசியும் போடுங்கோ, இன்புளுவன்சாவுக்கு வருசத்துக்கு ஒருக்கா. ஸ்ரப்புக்கு இன்னும் ஊசி இல்லை. ஆனால் இன்புளுவன்சாவுக்குப் பின்னாலதான் ஸ்ரப் நியூமோனியா கடுமையாய் வாறது. ஊசி பிள்ளைக்கு மட்டும் இல்லை, வீட்டில இருக்கிற எல்லாருக்கும். மாமிக்கும்.